கரை காக்கும் உடன்பாடு

ஏரி என்றவுடன் பலரும் நீரையே எண்ணுகின்றனர்; கரையை எண்ணுவோர் சிலரே. ஆயினும் ஏரியின் உயிர்வளம் அதன் ஓரத்திலேயே தொடங்குகிறது. ஆழம் குறைந்த நீரில் கதிரவன் ஒளி அடிவரை செல்கிறது. கோரையும் நாணலும் அங்கே வேரூன்றி மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றினிடையே மீன்குஞ்சுகள் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கின்றன. கேரளத்தின் மாநில மீனாகிய கரிமீன், நீரில் மூழ்கிய கல்லிலும் கழியிலும் முட்டைகளை ஒட்டி வைக்கும்; தாயும் தந்தையும் சேர்ந்து அவற்றைக் காவல் காக்கும். கரையை வெட்டி மதில் எழுப்பினால் அக்காவலுக்கு இடமேது?

வலியசாலையில் வாழும் தமிழ்ச் சிறுவர்க்கு இச்செய்தி தொலைவானதன்று. அப்பகுதியை அடுத்து ஓடும் கிள்ளியாறு கரமனையாற்றில் கலக்கிறது. நகரின் தெற்கே வெள்ளாயணி நன்னீர் ஏரி உள்ளது. நகரம் வளர வளர, நீரோரத்து மண்ணுக்கு விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, அதனை நிரப்பும் ஆசையும் பெருகுகிறது.

இவ்வாசைக்கு அணையிடக் கேரளத்தில் 2008ஆம் ஆண்டிலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இன்றியமையாதது, எனினும் அது மட்டும் போதாது. சட்டம் நிலத்தை நிரப்புவதைத் தடுக்குமேயன்றி, கரையில் நாணலை வளர்க்கும் மனத்தைத் தாராது. அம்மனம் நிலத்திற்கு உரியவரிடமிருந்தே வரவேண்டும்.

அமெரிக்காவில் இதற்கொரு வழி கண்டுள்ளனர். நில உரிமையாளர் தாமே முன்வந்து, ஓர் அறக்கட்டளையோடோ அரசோடோ உடன்பாடு செய்துகொள்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கும். அதனை விற்கலாம், மக்களுக்கும் அளிக்கலாம். ஆனால், கரையோரத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கிறார். உடன்பாடு பதிவு செய்யப்படுவதால் பின்வரும் உரிமையாளரும் அதற்குக் கட்டுப்பட்டவராவார்.

இத்தகைய மனவுறுதி நம் நாட்டுக்குப் புதிதன்று. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற வேம்பநாட்டு ஏரியில், மீனவர் சிலர் 'ஏட்ரீ' என்னும் ஆய்வு நிறுவனத்தின் துணையோடு மீன் காப்பிடங்களை அமைத்துள்ளனர். மூங்கில் நட்டு, மரக்கிளைகளை இட்ட அவ்விடங்களில் வலை வீசுவதில்லை என்பது அவர்களே வகுத்துக்கொண்ட நெறி. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளி நாளிலும் ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை.

நிலத்தால் வரும் வருவாயை ஒருவர் ஏன் இழக்கவேண்டும் என்று சிலர் வினவலாம். அவ்வினா நேரியதே. ஊருக்கெல்லாம் பயன்தரும் செயலின் சுமையை ஒருவர் மட்டும் தாங்குதல் முறையன்று. நெல்வயலை வயலாகவே காப்போர்க்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2000 ரூபாய் வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020இல் தொடங்கியது. அதுபோன்ற உதவி ஏரிக்கரையைக் காப்போர்க்கும் கிடைக்கவேண்டும். வாய்ச்சொல் காலப்போக்கில் மறக்கப்படும். ஆதலால் உடன்பாடு எழுத்தில் இருத்தலும் வேண்டும்.

அச்சத்தால் காக்கப்படும் கரை, காவலர் அகன்றதும் அழியும். விருப்பத்தால் காக்கப்படும் கரையோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். கரை நின்றால் மீன் வாழும். மீன் வாழ்ந்தால் அதனை நம்பிய மாந்தரும் வாழ்வர்.