ரூஃப் ரேக்கை நீங்களே மாட்டுங்க, புல் பாரை விட்டுடுங்க



இந்த வார எபிசோடில் கார் சென்சார்களைப் பற்றிப் பேசும்போது, என் ஃபோர் வீல் டிரைவுக்கு ரேக், லைட் எல்லாம் நானேதான் மாட்டினேன் என்று சொன்னேன். உடனே கூட இருந்த நண்பர், "மச்சான், ஒரு சனிக்கிழமையைக் கெடுத்துக்கிட்டு எதுக்குடா இது? ஒர்க்‌ஷாப்ல குடுத்தா முடிஞ்சுது" என்றார். அங்கே நேரம் இல்லை, பதிலை இங்கே எழுதுகிறேன்.

மெல்போர்ன் வந்த புதிதில் நானும் அப்படித்தான். ஊரில் பஞ்சர் என்றால்கூடத் தெருமுனைக் கடை அண்ணன் பார்த்துக்குவார். இங்கே கூலியைக் கேட்ட பிறகுதான் கை ஸ்பானரைத் தேடியது.

முதல் ரேக்கை மாட்டிவிட்டு, குடும்பத்தோடு கிராம்பியன்ஸ் போனோம். மேடுபள்ளமான மண் ரோடு. "அப்பா, மேல யாரோ தட்டுறாங்க" என்றான் பையன். நிறுத்திப் பார்த்தால், இரண்டு போல்ட் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. ஹைவேயில் அது கழன்றிருந்தால் பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியில்தான் விழுந்திருக்கும். தப்பு என்னுடையது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கினேன். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்கச் சொல்லும் தாளைப் படிக்கவே இல்லை.

ஆனால் நானே மாட்டியதால்தான் அது எந்த இடத்துச் சத்தம் என்று உடனே புரிந்தது. கடையில் மாட்டியிருந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பேன். நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் மிச்சமாகும் டாலர் இல்லை. வண்டியில் என்ன எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செய்வதென்றால் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். கையேட்டில் கூரை தாங்கும் எடை 80 கிலோ என்றால், ரேக்கின் எடையும் அதற்குள்தான். 25 கிலோ ரேக், 15 கிலோ பந்தல் போக மிச்சம் 40. கரடுமுரடான பாதையில் அதையும் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

லைட்டுக்கும் கணக்கு இருக்கு. 60 வாட் லைட் இரண்டு, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஓட விடாதீங்க. ரிலே போடுங்க. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கணும். எர்த் வயரைப் பேட்டரி நெகட்டிவ் முனையில் நேராக மாட்டாமல், பாடியில் நல்ல உலோக இடமாகப் பார்த்து மாட்டுங்க. பல புது வண்டிகளில் அந்த முனையில்தான் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கு. அதைத் தாண்டி வயர் போனால் பேட்டரி நிலைமை பற்றி வண்டிக்குத் தப்புக் கணக்குதான் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் கூடுதல் டிரைவிங் லைட், ஹை பீம் அணைந்ததும் தானாக அணைய வேண்டும் என்பதையும் மறக்காதீங்க.

அப்போ எல்லாத்தையும் நாமே செய்யலாமா? இல்லை. என் கோடு புல் பாரில் நிற்கிறது. கங்காரு குறுக்கே பாயும் நாட்டில் அது தேவைதான். ஆனால் முன் கிரில்லுக்குப் பின்னால் ரேடார் இருக்கிற வண்டிகள் இப்போது ஏராளம். தானாக பிரேக் போடுவது அதை நம்பித்தான். மோதினால் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற முடிவும், வண்டியின் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துச் செய்த கணக்கு. அங்கே கனமான இரும்பை வைத்தால் அந்தக் கணக்கு மாறும். அதனால் உங்கள் மாடலுக்கென்றே சோதித்த பாரை வாங்கி, ரேடாரைச் சரிபார்த்துத் தரும் கடையில் கொடுங்கள்.

வேலை சுலபமா கஷ்டமா என்று பார்க்காதீங்க. தப்பாகச் செய்தால் எனக்குத் தெரியவருமா என்று பாருங்க. தளர்ந்த போல்ட் சத்தம் போடும். குருடான ரேடார் சத்தமே போடாது.

இந்த வாரயிறுதி எங்கேயாவது கிளம்புறீங்களா? கிளம்பும் முன் ஒருமுறை கூரையைப் பிடித்து ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா பதில் எழுதுங்க, பேசலாம்.