"ஓடிபி சொன்னீங்களா?" என்று கேட்டால் வங்கியின் கடமை முடிந்ததா?

நண்பர்களே, நீளமான பதிவு. பென்ஷன் வாங்குகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

மோசடி லிங்க்கைத் தொட்டுப் பணத்தை இழந்தவர் கிளைக்குப் போனால் முதல் கேள்வி, "ஓடிபி சொன்னீங்களா?" ஆமாம் என்றால் "உங்க தப்புதான், போலீஸ்ல சொல்லிக்குங்க." இல்லை என்றால் நம்புவதில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அம்மா மூன்று முறை இதே பதிலோடு திரும்பினார். நான்காம் முறை நானும் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்காரச் சொன்னார். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை நீட்டினேன். "சார், இதெல்லாம் ஹெட் ஆபீஸ் பார்த்துக்கும்" என்றார்.

2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை அது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதில் தெளிவாக இருக்கிறது. இங்கே நடப்பது தலைகீழ். எழுபது வயது அம்மா தான் குற்றமற்றவள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது! சரி, ஓடிபியைச் சொல்லிவிட்டார் என்றே வையுங்கள். அப்போதும், வங்கிக்குத் தகவல் கொடுத்த பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு. அதனால்தான் புகார் எண்ணையும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். 1930-க்கு உடனே போன் போடுவது வேறு, வங்கிக்குச் சொல்வது வேறு. இரண்டும் வேண்டும்.

"ஜாக்கிரதையாக இருங்கள்" என்று தினமும் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள். நல்லது. நம்மிடம் விடாமல் கேஒய்சி கேட்கிற வங்கிகள், திருட்டுப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யாருக்குத் திறந்து கொடுத்தன? அதுவும் ஏதோ ஒரு வங்கிக் கணக்குதானே? இதை யாரும் கேட்பதில்லை.

போராடினால் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்த ஒருவர் ஃபிஷிங்கில் பணம் இழந்து, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழக்குப் போட்டார். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் இத்தகைய வழக்குகளில் தீர்ப்பு அதிகாரி. 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010-இல் அந்தத் தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. போன இடத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் நாற்காலி 2011-லிருந்து பல வருடம் காலியாகவே கிடந்தது. 2017-இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு சேர்த்துவிட்டார்கள். வங்கியால் காத்திருக்க முடியும். பென்ஷன்காரரால் முடியுமா?

மாநிலம் முழுமைக்கும் ஒரே தீர்ப்பு அதிகாரி, அவரும் சென்னையில். தென்காசியிலிருந்து யார் போவது? வக்கீல் பீஸ் யார் கொடுப்பது? எல்லா மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் தரச் சட்டம் இருக்கிறது. 15100-க்கு அழைக்கலாம். அந்த ஆணைக்குழுக்கள் சைபர் மோசடிக்கென்று வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்கட்டும். மாவட்டத்திலேயே விசாரணை நடக்கட்டும். விழிப்புணர்வு ஊர்வலம் போனது போதும்.

அந்த அம்மாவின் புகாரை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறோம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போவோம், அதற்குக் கட்டணம் கிடையாது. உங்களில் யாருக்காவது மனு எழுதத் தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். ஓடிபி, பின் நம்பர் மட்டும் எனக்கும் அனுப்பாதீர்கள்.