மீனுக்கும் வழி விடுவோம்

மேட்டூர் அணையின் நீர் நம் அங்கத்தினர் பலருடைய வயல்களுக்கு உயிர். 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நன்மையை நாம் குறைத்துக் கூறப்போவதில்லை. ஆயினும் அந்நன்மைக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு என்பதை மறந்திருக்கிறோம்.

உல்லம் என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றில் எதிரேறி வருவது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளத்தோடு அது ஏறிவந்த காலத்தில், கரையோர மீனவர்கள் அதனால் ஜீவித்தனர். குறுக்கே அணைகள் எழுந்தன, வெள்ளம் தேக்கத்தில் அடங்கிற்று, உல்லமும் அருகிற்று. கொள்ளிடத்துக் கீழணையில் மீன்வழி அமைத்துப் பார்த்தும் பயன் விளையவில்லை. துள்ளியேறும் சால்மனுக்குப் பொருந்தும் படிகள், துள்ளாத உல்லத்திற்குப் பொருந்தா.

சட்டம் இல்லாமலில்லை. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்வதைக் குற்றமாக்கிற்று; வலைக்கண்ணின் அளவை விதிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. அமெரிக்காவில் ஆரிகன் பிரதேசத்தை அமைத்த 1848-ஆம் ஆண்டுச் சட்டமோ, சால்மன் வாழும் ஆறுகளில் மீன் செல்ல வழியின்றி அணை கட்டலாகாது என்றே விதித்தது. எனினும் அதே கொலம்பியா ஆற்றில், 1938-இல் திறந்த போனவில் அணைக்கு மீன்படிகள் வைத்தவர்கள், அடுத்து எழுந்த கிராண்டு கூலி அணைக்கு வைக்கவில்லை. அதற்கு மேலே சால்மன் வரவு அடியோடு நின்றது. சட்டத்தைக் காக்க ஆளில்லையேல் ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது.

கடலில் நிலைமை சற்று மேல். தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடற்பகுதியில் மீன் பிடித்தலாகாது. கிழக்குக் கரையில் அவற்றுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் உண்டு. 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. இத்தடை நியாயமானதே. முதலை எடுத்துத் தின்னும் சங்கம் நிலைக்காது என்பதை நாம் அறிவோம்; சினை மீனும் கடலின் முதலே. ஆனால் தறி நின்ற வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் நம் நெசவாளர் அறிவர். எனவே தடைக்கால உதவி, படகு கரையேறிய முதல் வாரத்திலேயே மீனவர் கையில் சேரவேண்டும்.

“மீனுக்காகப் பயிரை வாடவிடுவதா?” என்று விவசாய அங்கத்தினர் கேட்கலாம். கட்டிய அணையை இடிக்க நாம் சொல்லவில்லை. இனி ஆற்றின் குறுக்கே எழும் ஒவ்வொரு கதவணைக்கும், அவ்வாற்று மீனின் இயல்பை ஆராய்ந்து, வரைபடத்திலேயே வழி வகுக்கவேண்டும். பின்னர் ஒட்டவைப்பது வீண்செலவு. ஏரிக் குத்தகை எடுத்துள்ள நம் அங்கத்தினர்களோ நஞ்சையும் குஞ்சுவலையையும் இன்றே விலக்கவேண்டும்.

ஆற்றுநீரில் நமக்குள்ள பங்கைக் கேட்டு வாங்குகிறோம். கேட்க வாயில்லாத பங்காளிக்கும் அவன் பங்கை விடுவதே கூட்டுறவு.