சத்தம் ஜாஸ்தி... சுகம் கம்மியா?

காலேஜ் திருச்சியில. வீடு பெரம்பலூர்லயோ அரியலூர்லயோ. தினமும் பஸ், இல்லன்னா ரயில். காதுல இயர்போன், அதுல எஃப்.எம். இது நீங்கதானா? அப்படின்னா இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான். மத்த ஊர் மக்களும் ஓடிடாதீங்க, உங்க ஊர் எல்லையிலயும் இதே கதைதான்!

ரேடியோவைப் பத்தி நம்மாளுங்க சொல்ற புகார் ரெண்டு. ஒண்ணு, 'ஊரை நெருங்க நெருங்க ஒரே இரைச்சல்'. இன்னொண்ணு, 'பாட்டு தெளிவாத்தான் இருக்கு, ஆனா அரை மணி நேரத்துல காது வலிக்குது'. ரெண்டுக்கும் சேர்த்து 'ஸ்டேஷன் சரியில்ல மச்சி'ன்னு தீர்ப்பு சொல்லிடறோம். உண்மையில குற்றவாளிகள் ரெண்டு பேர். தனித்தனியா விசாரிப்போம்.

முதல் ஆள், தூரம். திருச்சியில சூரியன் 93.5, ஹலோ 106.4, அகில இந்திய வானொலியோட ரெயின்போ 102.1. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டுல போற ஆள். பூமியோ உருண்டை. 100 மீட்டர் உயரக் கோபுரத்துல ஆன்டெனா இருக்குன்னு வெச்சுக்குங்க. தரையில சுமார் 41 கிலோமீட்டர்லயே அதோட பார்வை முடிஞ்சிடும். நீங்க 10 மீட்டர் உயர மொட்டை மாடியில ஆன்டெனா கட்டினா, இன்னொரு 13 கிலோமீட்டர் கிடைக்கும். ஆக மொத்தம் 54. திருச்சியில இருந்து பெரம்பலூர், அரியலூர் ரெண்டுமே நேர்க்கோட்டுல 50-லிருந்து 60 கிலோமீட்டருக்குள்ள. கரெக்டா பார்டர்ல மாட்டியிருக்கோம் பாருங்க! எல்லையைத் தாண்டினா சிக்னல் பட்டுனு செத்துடாது, மெலிஞ்சு போகும். கோடைக்கானல் 100.5 அத்தனை மாவட்டத்துல கேட்கறதுக்கும் இதே கணக்குதான் காரணம். அதோட ஆன்டெனா நிக்கறது 2,000 மீட்டருக்கு மேல, மலை உச்சியில.

சரி, சிக்னல் மெலிஞ்சா ஏன் 'ஸ்ஸ்ஸ்'னு இரையுது? ஸ்டீரியோ ஒலிபரப்புல இடது, வலது ரெண்டையும் கூட்டி ஒரு பொட்டலமா அனுப்புவாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 38 கிலோ ஹெர்ட்ஸ்ல ஏத்தி இன்னொரு பொட்டலமா அனுப்புவாங்க. சிக்னல் பலவீனமானா முதல்ல கெட்டுப் போறது ரெண்டாவது பொட்டலம்தான். அதை வேணாம்னு தள்ளிட்டு 'மோனோ'வுக்கு மாறிட்டா இரைச்சல் 20 டெசிபல் வரைக்கும் குறைய வாய்ப்பு இருக்கு. நல்ல கார் ரேடியோ இதைத் தானாவே செய்யும். உங்க போன் ரேடியோவுல மோனோ வசதி இருந்தா தட்டிப் பாருங்க. இன்னொரு விஷயம், இயர்போன் ஒயர்தான் உங்க ஆன்டெனா. அதைச் சுருட்டி பாக்கெட்ல திணிச்சுட்டு ஸ்டேஷனைத் திட்டாதீங்க பாஸ்!

இப்போ ரெண்டாவது ஆள். இவர் ஸ்டேஷனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கார். பேரு ஆடியோ ப்ராசஸர். ஸ்டுடியோவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவுல இருக்கற பெட்டி. அமெரிக்காவுல ராபர்ட் ஆர்பன் 1975-ல கொண்டுவந்த 'ஆப்டிமோட்' இந்த வம்சத்துல ரொம்பப் பிரபலம். பெங்களூர்ல நாட்டோட முதல் தனியார் எஃப்.எம். 2001-ல ஆரம்பிச்சப்போ, இந்த வித்தைக்கு ஏற்கெனவே 25 வயசு தாண்டியாச்சு.

எதுக்கு இந்தப் பெட்டி? எஃப்.எம்.ல சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. அலைவரிசை 75 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல விலகக் கூடாது. கூரையை எவனும் உயர்த்த முடியாது. ஆனா டயலைத் திருப்பறப்போ எந்த ஸ்டேஷன் சத்தமா இருக்கோ அங்கேதான் நம்ம விரல் நிக்கும். அதனால என்ன பண்றாங்க? நாத்து நடறதுக்கு முன்னாடி சேத்து வயல்ல பரம்பு அடிப்பாங்களே, அந்த வேலைதான். மேட்டை இழுத்துப் பள்ளத்துல போட்டு சமமாக்கறது. சன்னமான சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி, எல்லாத்தையும் கூரைக்குப் பக்கத்துல கொண்டுபோயிடும். பாஸ், நடு, ட்ரெபிள்னு தனித்தனியா பிரிச்சு வேற இதைச் செய்யும்.

உடனே 'அடப்பாவி பெட்டி'ன்னு கோபப்படாதீங்க. அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் வரிசை கட்டிப் போறப்போ, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு கேட்கறீங்க. நடுவுல வர்ற மெல்லிசான புல்லாங்குழல் காதுல விழுதுன்னா, அது இந்தப் பெட்டியோட புண்ணியம். சிக்னல் வீக்கான இடத்துல இரைச்சலுக்கு மேல பாட்டைத் தூக்கி நிறுத்தறதும் இதே ஆசாமிதான்.

சிக்கல் டோஸ் ஜாஸ்தி ஆகறப்போதான். புல்லாங்குழலும் பறையும் ஒரே உயரத்துல நிக்கும். தபலா அடியில இருக்கற 'நச்' காணாமப் போகும். ஆர்.ஜே. மூச்சு விடறதுகூட கேட்கும். ஒலிபரப்பறப்போ 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற ஒலிகளைத் தூக்கி அனுப்பறதுதான் எஃப்.எம். வழக்கம். அதோட ப்ராசஸரும் ஓவரா முறுக்கினா, 'சூப்பர் சிஸ்டர்'னு ஆர்.ஜே. சொல்ற ஒவ்வொரு 'ஸ்'ஸும் ஊசி மாதிரி குத்தும். சுருக்கிச் சுருக்கித் தரம் போன எம்பி3 பாட்டைப் போட்டாங்கன்னா, அதுல ஒளிஞ்சிருந்த கரகரப்பையும் பெட்டி பத்திரமா மேல தூக்கிட்டு வரும்.

காதுக்கு நடுவுல கிடைக்கற ஓய்வும் போயிடுது. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம்தான். போக வர தினமும் மூணு மணி நேரம் பஸ்ல கேட்கறவங்க கணக்குப் போட்டுப் பாருங்க. திங்கள், செவ்வாயோட கோட்டா காலி!

யார் குற்றவாளின்னு கண்டுபிடிக்க ஈஸியான டெஸ்ட் ஒண்ணு. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு பாட்டை எஃப்.எம்.ல கேளுங்க. அதே பாட்டை உங்க போன்ல இருக்கற நல்ல பிரதியிலயும் கேளுங்க. ரெண்டுலயும் பாடறவர் குரல் ஒரே அளவுல இருக்கற மாதிரி வால்யூமை வெச்சுக்கணும், அது முக்கியம். சிக்னல் ஃபுல்லா இருந்தும் எஃப்.எம். பாட்டு மூச்சுத் திணறுதா? பெட்டியோட வேலை. அங்கே நல்லா இருந்து, ஊருக்கு வந்ததும் இரையுது, மோனோவுல அடங்குதா? தூரத்தோட வேலை.

தூரத்துக்கு மருந்து, பக்கத்துல ஒரு டிரான்ஸ்மிட்டர். 2024 ஆகஸ்ட்ல 234 புது ஊர்கள்ல தனியார் எஃப்.எம். ஏலத்துக்கு மத்திய அமைச்சரவை ஓ.கே. சொல்லுச்சு. அதுக்கெல்லாம் கோடி வேணும். ஆனா கல்லூரிகளுக்கு இன்னொரு கதவு ரொம்ப நாளாத் திறந்திருக்கு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோட 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1-ல 90.4-ல ஆரம்பிச்சது. நாட்டோட முதல் கேம்பஸ் சமுதாய வானொலி. வீச்சு 100 வாட்தான் அனுமதி. ஆனா சுத்தி இருக்கற சில கிலோமீட்டருக்கு, திருச்சியில இருந்து வர்ற பெரிய ஸ்டேஷனைவிட அது தெளிவா கேட்கும்.

இ.சி.இ., விஸ்காம் மக்களே, அப்படி ஒரு ஸ்டேஷன்ல ப்ராசஸர் குமிழ் நாளைக்கு உங்க கையில வரலாம். டயல்ல ஜெயிக்கறதுக்குத் திருப்பறதா, கேட்கறவங்க காதுக்குத் திருப்பறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இந்த வாரம் சத்திரம் டெஸ்ட்டைப் பண்ணிட்டு ரிசல்ட்டை எழுதுங்க. குற்றவாளி நம்பர் ஒண்ணா, ரெண்டா?