குற்றாலத்துக் குடிசையும் ஜெனீவாவின் பேராசிரியரும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி வட்டாரத்தில் நிலப் பேச்சும் தொடங்கிவிடும். அருவிக்குப் பக்கத்தில் ஒரு மனை, தோப்புக்கு நடுவே ஒரு விடுதி, சிற்றாற்றங்கரையில் ஒரு குடிசை. மூன்றும் ஒரே சாரலில்தான் நனைகின்றன. சட்டம் மட்டும் மூன்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

பட்டா இருந்தால் சொந்தக்காரர், இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர். அந்த மனிதர் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார், எழுப்பிவிட்டால் எங்கே போவார் என்று கேட்கப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டம் எங்கே என்று கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் பேராசிரியர் பாலகிருஷ்ணன் ராஜகோபால். சென்னைச் சர்வகலாசாலையில் பி.எல். பட்டம் பெற்று, மேல்படிப்புக்கு அமெரிக்கா சென்றவர். கறுப்புக் கோட்டு மாட்டிக் கொண்டு ஹைகோர்ட்டில் நிற்காமல், 1990-களில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் சார்பில் கம்போடியாவில் வேலை பார்த்தார். அந்த நாட்டில் 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோல் ஆட்சி தனிச் சொத்து என்பதையே ஒழித்துவிட்டது. நிலப் பத்திரங்களும் அழிந்து போயின. அகதி முகாம்களிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கு வீடு இருந்த இடம் நினைவிருந்தது; கையில் காகிதம் இல்லை. பட்டாவைத் தவிர வேறொன்றும் தெரியாத சட்டம் இவர்களிடம் எதைக் கேட்கும்?

பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பதவி. 2003-ல் வெளிவந்த அவரது நூல், சர்வதேசச் சட்டத்தை அரசாங்கங்களின் பக்கமிருந்து பாராமல், அணைக்கும் சாலைக்கும் இடம் கொடுத்துவிட்டு வெளியேறும் ஜனங்களின் பக்கமிருந்து பார்த்தது. நர்மதை வழக்கையும் அவர் விடவில்லை. ஏழைக்குக் கோர்ட்டு எதுவரை துணை வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று ஆராய்ந்து எழுதினார்.

சம்பளம் இல்லாத பதவி

2020 மே மாதம் அவர் குடியிருப்பு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு நிபுணரானார். பெயரைக் கேட்டால் பெரிய பதவி. ஆனால் சம்பளம் கிடையாது. ஒரு தாசில்தாருக்கு உள்ள அதிகாரம்கூடக் கிடையாது. அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதலாம், அறிக்கை கொடுக்கலாம். அவ்வளவுதான்!

அந்தக் கடிதங்களுக்கு என்ன மதிப்பு? 2021-ல் அரியானாவின் கோரி கிராமத்தில் வனநிலத்தில் இருந்த வீடுகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 1 லட்சம் பேர் வீடு இழப்பார்கள், நிறுத்துங்கள் என்று அவரும் மற்ற ஐ.நா. நிபுணர்களும் ஜூலையில் கேட்டுக் கொண்டார்கள். இந்தியா அதை ஏற்கவில்லை. வீடுகள் இடிக்கப்பட்டன.

அவர் சளைக்கவில்லை. போர்களில் வீடுகளைத் திட்டமிட்டுக் கூட்டம் கூட்டமாகத் தகர்ப்பதைத் தனியொரு சர்வதேசக் குற்றமாக்க வேண்டும் என்று 2022-ல் ஐ.நா. பொதுச் சபையில் வாதாடினார். 2024-ல் மறுகுடியமர்த்தல் பற்றி அறிக்கை கொடுத்தார். குடிகளை அப்புறப்படுத்துவது வேறு வழியே இல்லாதபோதுதான். அதுவும் அவர்களைக் கலந்து பேசிய பிறகுதான் என்பது அவர் கட்சி.

மாஞ்சோலையில் நடந்தது

தென்காசிக்குத் தெற்கே, அம்பாசமுத்திரம் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு, தேயிலைத் தோட்டமாயிற்று. குத்தகைக்கெடு 2028. அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கணக்கை முடிக்க முற்பட்டது. எஸ்டேட் லயத்தில் வேலை போனால் வீடும் போகும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். தோட்டத்தை அரசாங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை ஏற்கவில்லை. காட்டைக் காப்பதும் சட்டம்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் குடும்பம் எங்கே உலை வைப்பது?

குற்றாலத்தில் வேறு கதை. தனியார் விடுதிகள் சில, இயற்கையாக ஓடும் நீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்திருக்கின்றன என்று 2022-ல் வழக்கு வந்தது. நடவடிக்கை எடுக்கும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. பட்டா உள்ள நிலத்திலும் ஊர்ச் சொத்தைத் தொடக்கூடாது என்பது அன்று நினைவூட்டப்பட்டது.

2024 நவம்பர் 13-ந் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு அளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவர் வீட்டை இடிக்கக்கூடாது. எந்த வீட்டை இடிப்பதானாலும் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். மீறினால் அதிகாரி தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். பேராசிரியர் பல வருடமாகச் சொல்லி வந்ததில் ஒரு பகுதி இது.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சிற்றாற்றங்கரைக் குடிசைக்காரருக்கு மிஞ்சியிருப்பது 1905-ம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு நோட்டீஸ். அது கையில் கிடைத்ததும் அவர் தென்காசி தாலுகா ஆபீஸ் படியேறி, "சாமி, நான் எங்கே போவேன்?" என்று கேட்கலாம். பதில் சொல்லும் கடமையைத்தான் அந்தச் சட்டம் யார் தலையிலும் வைக்கவில்லை.