தடுப்பூசிப் புதனில் தாயையும் கேளுங்கள்

“ஒண்ணுமில்ல, பயப்படாத” என்று எனக்குச் சொன்ன யாரும் அந்தத் தடிப்பைப் பார்க்கவில்லை. காட்டு என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேனா என்பது வேறு விஷயம். பால் கொடுக்கிற பெண்ணுக்கு மார்பில் வருகிற புண், தடிப்பு, அரிப்பு எதையும் நம் வீடுகளில் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. ஆண்கள் வெளியே போன பிறகு, அடுக்களையில், குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம்.

எனக்கு இது இரண்டாவது பிரசவம். சாத்தூர்ப் பக்கம் அம்மா வீடு, சித்திரை வெயில். மகளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது இடது மார்பின் மேல்புறம் சிவந்து, தொட்டால் சொரசொரவென்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்பு வந்தது. காய்ச்சல் இல்லை. பால் கட்டவும் இல்லை. அம்மா வேர்க்குரு என்றார். அத்தை போனிலேயே, “அக்கியா இருக்கும், வேளார்கிட்ட எழுதிட்டு வந்திரு” என்றார். எங்கள் பக்கம் மண்பாண்டம் செய்கிற வேளார்கள் இன்னும் அக்கி எழுதுகிறார்கள். காவியைக் குழைத்துத் தடிப்பின் மேல் எழுதிவிடுவார்கள். மார்பில் எழுத யாரிடம் போவது என்று அத்தை யோசிக்கவில்லை.

கணவர் மெடிக்கலில் போய் நின்றார். எந்த இடம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “கழுத்துக்குக் கீழ” என்று சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்தார். கிருமி, பூஞ்சை, அலர்ஜி மூன்றுக்கும் சேர்த்து ஒரே களிம்பு. அதில் ஸ்டீராய்டும் இருந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று டியூப்பிலேயே அச்சடித்திருந்தார்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மத்திய அரசு 2018-இல் சீட்டுக் கட்டாயப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் வாயால் கேட்டால் கிடைக்கிறது. பூஞ்சைப் படை மேலுக்கு மங்கி, பிறகு அடங்காமல் பரவுவதற்கு இந்தக் கலவைக் களிம்புகள் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பிள்ளை வாய் வைக்கிற இடத்தில் இதைத் தடவ எனக்கு மனசு வரவில்லை. டியூப் அலமாரிக்குப் போனது.

பகலில் பயம் தெரியாது, வேலை இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு கையில் பிள்ளை, மறு கையில் செல்போன். மார்பு, சிவப்பு, தடிப்பு என்று தட்டினால் புற்றுநோய்தான் முதலில் வந்து நிற்கிறது. ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1874-இல் விவரித்த நோய் ஒன்று, காம்பில் வெறும் சொறி போலத் தொடங்குமாம். அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் இன்னொன்று, பால் கட்டிச் சிவந்தது போலவே இருக்குமாம். இரண்டும் மிக அரிது என்று அங்கேயே எழுதியிருந்தது. அந்த வரி மட்டும் கண்ணில் நிற்கவில்லை. குளியலறையில் டார்ச் அடித்துப் படம் எடுப்பேன், விடிவதற்குள் இன்னொன்று எடுப்பேன். வெளிச்சம் மாறினால் சிவப்பும் மாறத்தானே செய்யும்? நான் தடிப்பு பரவிவிட்டதாக நினைப்பேன். பதற்றத்தில் ஆக்சிடோசின் சரியாக வேலை செய்யாது; பால் சுரப்பது நிற்காவிட்டாலும் இறங்கத் தாமதமாகும். பிள்ளை சிணுங்கும். பாலிலும் ஏதோ கெட்டுவிட்டது என்று உடனே அடுத்த பயம் பிடித்துக்கொள்ளும்.

அந்த வாரம் புதன்கிழமை இரண்டரை மாத ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். “பால் குடிக்கிறாளா, வெளிய ஒழுங்காப் போறாளா, தூங்குறாளா?” எல்லாமே பிள்ளையைப் பற்றிய கேள்வி. அந்த நர்ஸைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. பிரசவமாகி 42 நாள் தாண்டினால் தாயைக் கவனிக்கிற கணக்கு முடிகிறது. அதற்கப்புறம் நாம் போவதெல்லாம் பிள்ளைக்காக.

கடைசியில் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா திரைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தார். சோப்பு மாற்றினாயா, புது நைட்டியா, தாலிக்கயிறு எப்போது மாற்றினாய், பிள்ளைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறாய், அவள் நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று கேட்டார். இரண்டு மார்பையும் அக்குளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, “எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. என்னென்ன இல்லைன்னு சொல்றேன்” என்றார். கட்டி இல்லை. தோல் தடித்து ஆரஞ்சுத் தோல் போலக் குழியவில்லை. காம்பில் புண்ணோ ரத்தக் கசிவோ இல்லை. நீர்க்கொப்புளம் இல்லை. பால் கொடுப்பதை நிறுத்தாதே, திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக் காய்ச்சல் வரும் என்றார். சோப்பை விட்டுவிட்டு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போடச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தடிப்பின் ஓரமாகவே சுற்றிக் கோடு போட்டார். தினம் ஒரு தடவை, காலை வெளிச்சத்தில் மட்டும் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்து வரலாம். அப்போதும் ஆறாவிட்டால் ஸ்கேன், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை. பால் கொடுத்துக்கொண்டே இரண்டும் செய்துகொள்ளலாம்.

வீட்டில் அந்தக் கோட்டைப் பார்த்த அம்மா, “இதுக்கு வேளார்கிட்டயே போயிருக்கலாம்” என்றார்.

அன்று இரவு தூங்கினேன். தடிப்பு அப்படியேதான் இருந்தது, அரிப்பும் இருந்தது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எது வரை பொறுக்கலாம் என்று ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார். தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் நோயாளி நம்ப மாட்டார் என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள். அவர் ஒத்துக்கொண்டதால்தான் மற்றதையெல்லாம் நான் நம்பினேன். சில வாரங்களில் தடிப்பு மங்கிப் போனது. தாலிக்கயிறா, சோப்பா, வெயிலா? இன்றுவரை தெரியாது.

பிரசவித்த பெண்ணின் மனநிலையை அறிய எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது. மொத்தம் 10 கேள்விகள். தமிழ்ப் பெண்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சரியான காரணமில்லாமல் கவலையோ பயமோ வருகிறதா என்றும் அதில் உண்டு. என் பயத்துக்குக் காரணம் இருந்ததே, அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும், பத்தும் வேண்டாம். புதன்கிழமை ஊசி போடும்போது இரண்டு கேள்வி போதும்: “மார்பில் வலி, புண், தடிப்பு ஏதாவது இருக்கா? ராத்திரி பயந்து முழிச்சிருக்கியா?” ஆம் என்றால் திரை போட்ட ஓர் இடமும், யாரிடம் அனுப்புவது என்ற குறிப்பும் வேண்டும். சுகாதாரத் துறைக்கு இதில் பெரிய செலவு எதுவுமில்லை.

தாய்மார்களுக்கு: ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத புண், மருந்து சாப்பிட்டும் தணியாத சிவப்பு, காய்ச்சலோடு வலி என்றால் நாள் தள்ளாதீர்கள். நீர்க்கொப்புளம் என்றால் மருத்துவர் பார்க்கும்வரை அந்தப் பக்கம் பால் கொடுக்க வேண்டாம். மற்றபடி சாதாரணத் தடிப்பு என்றாலும் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், தவறில்லை. பயம் தூங்கவிடாவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். அடுத்த புதன்கிழமை நர்ஸ் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.