வீட்டுக்கு ஒரு வாளி

பெங்களூரில் நாம் நறுக்கி எறியும் காய்த்தோல் எங்கே செல்கிறது? காலையில் துப்புரவுப் பணியாளர் வாங்கிச் சென்றதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால், அது ஏதோ ஓர் ஊரில் சென்று சேர்கிறது. பழைய சென்னைச் சாலையை அடுத்துள்ள மண்டூர் அத்தகைய ஊர்களுள் ஒன்று. நகரக் குப்பை பல ஆண்டுகள் அங்கே மலையாகக் குவிக்கப்பட்டது. துர்நாற்றத்தைத் தாங்க இயலாத மக்கள் 2014ஆம் ஆண்டில் போராடினர். அவ்வாண்டின் இறுதியில் அங்குக் குப்பை கொட்டுவது நின்றது. எனினும், குப்பை குறையவில்லை. வேறு ஊர்களுக்குச் சென்றது. மறு ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம், வீடுகள் குப்பையைப் பிரித்தே தரவேண்டும் என ஆணையிட்டது. ஈரக்கழிவுக்குப் பச்சைத் தொட்டியும் உலர்கழிவுக்குப் பையும் அதன்பின் வழக்கத்திற்கு வந்தன.

பிரித்துக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? முடியாது என்பதே என் கருத்து. நகரக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது ஈரக்கழிவே. அதில் ஒரு பங்கையாவது நாமே உரநீராக்கிக் கீரைக்கு ஊட்டலாம்.

இது நமக்குப் புதியதன்று. நம் பாட்டிமார் அரிசி களைந்த நீரைக் கொல்லைக் கீரைக்கு ஊற்றினர். புளித்த மோரைக் கறிவேப்பிலைக்கு வார்த்தனர். கொல்லை இல்லாத நமக்கு வெயில் படும் மாடியோ பால்கனியோ போதும்.

செய்முறை எளிது. மூடியுள்ள வாளியில் மூன்றில் ஒரு பங்கு நறுக்கிய காய்த்தோல், பழத்தோல், கீரைக்காம்பு ஆகியவற்றை இடுக. ஒரு கைப்பிடி தோட்டமண்ணும் சிறு துண்டு வெல்லமும் சேர்த்து, வாளியின் முக்கால் அளவுக்கு நீர் ஊற்றுக. உப்பு, எண்ணெய், சமைத்த உணவு, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்தல் கூடாது. வாளியை நிழலில் வைத்து நாள்தோறும் இருமுறை கலக்குக. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் வெல்லத்தை உண்டு பெருகித் தோலைச் சிதைக்கும். 10 முதல் 15 நாள்களில் வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து வேரில் ஊற்றலாம். கீரையின் இலையை நாம் உண்பதால் இலைமேல் தெளித்தல் கூடாது. பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே உரநீரை நிறுத்திவிட வேண்டும்.

“நாற்றம் வீசும், கொசு பெருகும்” என்று சிலர் மறுப்பர். அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால், நாள்தோறும் கலக்கினால் காற்றுப் புகுந்து நாற்றம் குறையும். துணி கட்டி மூடினால் கொசு அணுகாது. இவ்வுரநீர் ஒன்றே போதும் என்று வேறு சிலர் கூறுவர். அது மிகை. வாழைப்பழத்தோலில் சாம்பல்சத்து மிகுதி. இலை தழைக்க வேண்டிய தழைச்சத்தோ குறைவு. ஆகவே, தொட்டி மண்ணில் மக்கிய உரத்தை முன்னரே கலந்திருத்தல் வேண்டும்.

ஒரு வாளியால் நகரம் தூய்மையாகிவிடாது. ஆனால், நம் வீட்டுக் கழிவின் சுமையை முன்பின் அறியாத ஓர் ஊர்மீது ஏற்றுவது அறமாகாது. கன்னடத்தில் ‘தண்டின சொப்பு’ என வழங்கும் தண்டுக்கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். இன்று ஒரு தொட்டியில் அதை விதைப்போம். அருகில் ஒரு வாளியையும் வைப்போம்.